காத்திருக்க ஓர் இடம்: நஞ்சுக்கொடி ரத்தப்போக்குச் சிகிச்சையின் வரலாறும் பாலக்காட்டு எல்லைப் பெண்களும்

கர்ப்பத்தின் பிற்பாதியில் வலியில்லாமல் ரத்தம் பட்டால், நஞ்சுக்கொடி கீழே ஒட்டிக் கருப்பை வாயை மறைத்திருக்கிறதா என்பதே மருத்துவரின் முதல் ஐயம். ஏறக்குறைய 200 பிரசவங்களில் ஒன்றில் இந்நிலை காணப்படுகிறது. வயிறு கல்லாக இறுகி, வலியோடு வரும் ரத்தம் வேறு வகை. அங்கே நஞ்சுக்கொடி முன்கூட்டியே கருப்பைச் சுவரிலிருந்து பிரிந்திருக்கக்கூடும். முதல் வகையில் பல வாரங்கள் காத்திருக்க முடியும். இரண்டாவதில் பெரும்பாலும் நேரமே இருப்பதில்லை. காத்திருப்பது எப்படி என்பதை மருத்துவம் கற்றுக்கொண்ட வரலாற்றையும், காத்திருக்கும் வசதி யாருக்கு வாய்த்தது என்பதையும் பாலக்காட்டு எல்லை ஊரான கஞ்சிக்கோட்டிலிருந்து பார்க்க முயல்கிறது இக்கட்டுரை.

இவ்விரு வகைகளையும் 1775இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் இங்கிலாந்தின் நாரிச் நகர மருத்துவர் எட்வர்ட் ரிக்பி. ஆனால் அன்று உள்ளே கைவிட்டுப் பார்த்துத்தான் நோயை அறிய முடியும். அந்தக் கைபட்டே ரத்தம் பீறிடும். 1860களில் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்பவர் குழந்தையைத் திருப்பி, காலைக் கீழே இழுத்து, அதன் உடலாலேயே நஞ்சுக்கொடியை அழுத்தி ரத்தத்தை நிறுத்தும் முறையைப் பரப்பினார். தாய் பிழைத்தாள்; குழந்தை பெரும்பாலும் பிழைக்கவில்லை. அறுவைச் சிகிச்சையும் ரத்தம் ஏற்றுவதும் ஆபத்தாக இருந்த காலத்தில் வேறு வழியும் இல்லை. இம்முறையைக் கொடூரம் என்று இன்று தள்ளிவிடுவது நியாயமல்ல.

திருப்பம் 1945இல் வந்தது. பெல்ஃபாஸ்ட்டின் மக்காஃபியும் அமெரிக்காவின் ஹெர்மன் ஜான்சனும் தனித்தனியே ஒரே முடிவை எட்டினர். முதல் ரத்தப்போக்கு தானாக நிற்பதே பெரும்பான்மை. அது தாயைக் கொல்வது அரிது. உள்ளே கைவிடுவதுதான் ஆபத்து. ஆகவே யாரும் தொடாமல், மருத்துவமனையிலேயே படுக்க வைத்து, ரத்தத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, குழந்தை முதிரும்வரை பொறுத்திருக்க வேண்டும். மருந்து எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காமலேயே நிகழ்ந்த இந்த மாற்றத்தைப் பிரசவ மருத்துவத்தின் பெரும் சாதனைகளுள் ஒன்றாக நான் மதிப்பிடுகிறேன். ஆனால் படுக்கை, ரத்தம், எந்நேரமும் திறந்திருக்கும் அறுவை அரங்கு ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் இருந்தால்தான் இது பலிக்கும்.

அந்நாளில் பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. 1956இல்தான் கேரளத்துடன் சேர்ந்தது. மாகாணத்தின் பிரசவ மருத்துவக் கல்விக்குத் தலைமையிடம் 1844இல் தோன்றிய சென்னை மகப்பேறு மருத்துவமனை, பின்னாளில் எழும்பூர் மருத்துவமனை. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளரான ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் எழுதிய பாடநூலில்தான் தலைமுறை தலைமுறையாக மருத்துவ மாணவர்கள் பிரசவ மருத்துவத்தைப் படித்தனர். ஊர்ப்புறத்திலோ மருத்துவச்சியின் கைதான் எல்லாம்.

ஒலியலை ஸ்கேன் வந்தபின் கைவிட்டுப் பார்க்கும் தேவையே ஒழிந்தது. இன்று ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே நஞ்சுக்கொடியின் இருப்பிடம் தெரிந்துவிடுகிறது. அப்போது கீழே தெரிவதில் பெரும்பாலானவை கருப்பை வளர வளர மேலேறிவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் பெண்கள் வீணாகப் பயந்து நடுங்குவார்கள்.

கேரளம் தன் பங்காகச் செய்தது, இறந்த ஒவ்வொரு தாயின் கதையையும் ஆராய்ந்தது. மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு 2004இல் இந்த ரகசிய ஆய்வைத் தொடங்கியது; யாரையும் குற்றவாளியாக்கத் தேடாமல், எங்கே தாமதம் நேர்ந்தது என்று மட்டும் பார்த்தது. ரத்தப்போக்கு முன்வரிசைக் காரணமாகத் தெரியவந்தது. லட்சம் பிறப்புக்கு 2001–03இல் 110ஆக இருந்த தாய் இறப்பு 2018–20இல் 19ஆகக் குறைந்தது; அதே ஆண்டுகளில் நாட்டின் சராசரி 97.

எனினும் புதிய ஆபத்து ஒன்று வளர்ந்து வருகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி சிசேரியன் பிரசவம் கேரளத்தில் 38.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 44.9. பழைய தையல் தழும்பின்மேல் நஞ்சுக்கொடி ஒட்டினால் அது கருப்பைத் தசைக்குள் வேரோடக்கூடும். கீழ் ஒட்டிய நஞ்சுக்கொடியுள்ள பெண்களில், முதல் சிசேரியனின்போது 3 விழுக்காடாக இருக்கும் இந்த வாய்ப்பு இரண்டாவதில் 11ஆகவும் மூன்றாவதில் 40ஆகவும் ஏறுவதாக 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. தேவையற்ற முதல் சிசேரியனைத் தவிர்ப்பதும் ரத்தப்போக்குத் தடுப்புதான்.

கஞ்சிக்கோட்டுக்கு நிலவியல் சாதகமாக இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் மேற்கே பாலக்காடு, கிழக்கே வாளையாறு தாண்டிக் கோயம்புத்தூர். ஆனால் தொழிற்பேட்டைக்கு வடமாநிலங்களிலிருந்து வந்து குடியிருக்கும் பெண்ணுக்கு மொழியும் துணைக்கு ஆளும் இல்லை. பாலக்காடு மாவட்டத்து மலைப்பகுதியான அட்டப்பாடியின் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் நிலைமை இன்னும் கடினம். கோட்டத்தறை அரசு மருத்துவமனையைத் தாண்டிப் போக வேண்டுமானால், ஒரு பக்கம் மண்ணார்க்காட்டுக்கு இறங்கும் கொண்டை ஊசி வளைவுகள். மறுபக்கம் ஆனைக்கட்டி வழியே கோயம்புத்தூர், அதாவது வேறு மாநிலம். இடுக்கியில் மூணாறு எஸ்டேட் லயன்களிலும் இடமலைக்குடியின் முதுவர் குடிகளிலும் அதே மலை, அதே தூரம். ஏற்கனவே ரத்தசோகையுள்ள உடம்பு சிறிய ரத்த இழப்பையும் தாங்காது.

தமிழ்நாட்டு மலைப்பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகள் உள்ளன. நஞ்சுக்கொடி கீழே இருப்பது உறுதியான ஒவ்வொரு மலைவாழ் பெண்ணுக்கும், நாள் நெருங்கும் முன்பே, ரத்த வங்கிக்கு அருகில் அப்படி ஓர் இடமும் உடனிருப்பவருக்கு உணவும் கூலியிழப்புக்கு ஈடும் இரு அரசுகளும் சேர்ந்து தர வேண்டும். ஆனைக்கட்டியிலும் வாளையாற்றிலும் ஆம்புலன்ஸ் மாநிலம் பார்க்காமல் கிட்டிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைப் படிக்கும் கர்ப்பிணியின் வீட்டார், ஸ்கேன் அறிக்கையில் நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள்.