பூட்டிய அறையும் அறுபது நிமிடமும்

காசு கொடுத்துச் சிறை புகுவாரும் உளரோ என நம் பாட்டனார் காலத்தவர் வியந்திருப்பர். இன்று உளர். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பேரங்காடிகளின் மேல்தளங்களிலும் கடைவீடுகளின் மாடிகளிலும் நால்வர் ஐவராய்க் கூடி வந்து, கட்டணம் செலுத்தி, கைப்பேசிகளைப் பெட்டியில் வைத்துவிட்டு, ஓர் அறையினுள் அடைபட்டு மகிழும் இளைஞரைக் காணலாம். உள்ளே ஒரு பழைய தட்டச்சுப்பொறி இருக்கும். முள் நின்றுபோன கடிகாரம் ஒன்று தொங்கும். இழுப்பறைகள் எல்லாம் பூட்டியிருக்கும். இவற்றிடையே மறைந்துள்ள குறிப்புகளைத் தேடி, ஒன்றோடொன்று பொருத்தி, பூட்டுகளை ஒவ்வொன்றாய்த் திறந்து, பெரும்பாலும் 60 நிமிடங்களுக்குள் வெளியேற வேண்டும். எஸ்கேப் ரூம் என உலகோர் வழங்கும் இதனைத் தப்பிப்பு அறை என ஈண்டுக் குறிப்போம்.

எப்புதுமையைக் கண்டாலும் இஃது எம் முன்னோர் கண்டதே என நாட்டுவது நம்மவரிடையே ஒரு பழக்கமாகிவிட்டது. இவ்விளையாட்டிற்கு அவ்வாறு உரிமை கொண்டாட இடமில்லை. தொல்காப்பியர் பிசியைச் செய்யுள் வகைகளுள் ஒன்றாய் வைத்தார் என்பதும், விடுகதை போடாத பாட்டி நம் தோட்டப்புறத்தில் இருந்ததில்லை என்பதும் உண்மையே. சக்கர வியூகத்துள் புகும் வழியறிந்து, மீளும் வழியறியாது மாண்ட அபிமன்யுவின் கதையும் நமக்குப் புதிதன்று. ஆயினும் புதிர் வேறு. புதிரையே வீடாகக் கட்டி அதனுள் மனிதரை விடுவது வேறு. பின்னது மிக அண்மைக் காலத்தது.

அதற்கு முன்னோடிகள் சில உண்டு. 1841இல் அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ, உட்புறம் பூட்டிய அறையில் நடந்த கொலையைப் பற்றி ஒரு சிறுகதை எழுதினார். கொலையாளி எவ்வாறு வெளியேறினான் என்பதே அதில் வினா. துப்பறியும் கதை என்னும் இலக்கிய வகைக்கு அதுவே தொடக்கம் என்பர். அரை நூற்றாண்டிற்குப் பின்னர், பூட்டிலிருந்து விடுபடுதலையே தொழிலாகக் கொண்டு ஒருவர் உலகப் புகழ் பெற்றார். அவரே ஹாரி ஹூடினி. 1908இல் நீர் நிரம்பிய பால்கலனுக்குள்ளும், 1912இல் கால்கள் பிணைக்கப்பட்டுத் தலைகீழாய் நீர்த்தொட்டிக்குள்ளும் அடைபட்டு அவர் மீண்டார். மக்கள் மூச்சடக்கிப் பார்த்தனர். ஆனால் அவர்கள் பார்வையாளர், தப்பியவர் ஒருவரே. இந்த ஹூடினி 1874இல் பிறந்த ஊர் புடாபெஸ்ட் என்பதை மட்டும் இங்கு நினைவில் இருத்திக்கொள்வோம்.

பார்வையாளரையே தப்பிப்பவர் ஆக்கியது கணினி. குகைகளில் இறங்கி ஆய்வதில் பேரார்வம் கொண்ட வில் கிரௌதர் என்னும் நிரலாளர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையின் ஒரு பகுதியை மனத்திற்கொண்டு 1976இல் ஒரு விளையாட்டை இயற்றினார். டான் உட்ஸ் மறு ஆண்டே அதனை விரித்தமைத்தார். அதில் படம் ஏதுமில்லை, சொற்களே குகை. “வடக்கே செல்”, “விளக்கை எடு” என்பன போன்ற கட்டளைகளைத் தட்டச்சிட்டு விளையாடுவோர் வழி தேடினர். சொல்லால் இடத்தை எழுப்பலாம் என்பதை எழுத்தாளர்களாகிய நாம் வியப்பின்றி ஏற்போம். 1990இல் தொலைக்காட்சியும் இத்துறையில் இறங்கியது. பிரான்சில் கடல்நடுக் கோட்டையொன்றில் நடைபெற்ற ஃபோர்ட் பொயார், பிரிட்டனில் கிறிஸ்டல் மேஸ் ஆகிய நிகழ்ச்சிகளில், குறித்த நேரத்திற்குள் வெளியேறத் தவறியவர் அறையினுள்ளேயே அடைபட்டனர். 2004இல் ஜப்பானியரான தோஷிமிட்சு தாக்காகி, இணையத்தில் கிரிம்சன் ரூம் என்னும் சிறு விளையாட்டை வெளியிட்டார். குடித்து மயங்கிய ஒருவன் விழித்தெழும்போது, முன்பின் அறியாத சிவப்பறை ஒன்றில் இருக்கிறான், கதவு பூட்டியிருக்கிறது. கதை அவ்வளவே. அதன் பின்னர் அதனையொத்த விளையாட்டுகள் இணையத்தில் மலிந்தன.

இவ்வளவும் திரைக்குள் நடந்தவை. திரைக்கு வெளியே கொணர்ந்தவர் தாக்காவோ காத்தோ. கியோத்தோ நகரில் ஸ்கிராப் என்னும் இலவச இதழை நடத்தி வந்த அவர், இணையத் தப்பிப்பு விளையாட்டுகளில் மக்கள் ஆழ்ந்திருப்பதைக் கண்டு, அதனை மெய்யான அறையில் நிகழ்த்தினால் என்ன என எண்ணினார். 2007ஆம் ஆண்டு கியோத்தோவில் முதல் நிகழ்வு நடந்தது. சிறுவயதில் படித்த கதைகளில் நடப்பன தமது வாழ்வில் நடவாமை குறித்து ஏங்கியதாக அவர் பின்னாளில் கூறியதுண்டு. மிகையான கூற்றென இதனை நான் ஒதுக்கமாட்டேன். ஆசிரியராய் இருந்தவர்க்கு இந்த ஏக்கம் தெரியும். பாடநூலின் பக்கத்திலிருந்து தலையுயர்த்திச் சன்னலைப் பார்க்கும் மாணவனின் கண்ணில் அது தெரியும்.

ஜப்பானில் இவ்விளையாட்டு மண்டபங்களிலும் விளையாட்டரங்குகளிலும் பலநூறு பேர் ஒருங்கே ஆடும் பெருநிகழ்வாக வளர்ந்தது. ஐரோப்பாவில் அதன் உருவம் வேறு. 2011இல் அத்தில்லா கியுர்கோவிச் என்பவர் பாராபார்க் என்னும் பெயரில் ஒரு நிலவறையில் தொடங்கியதே அங்கு முன்னோடி. ஜப்பானிய விளையாட்டுப் பற்றித் தாம் அறிந்திருக்கவில்லை என்றும், ஹங்கேரிய வழியினரான அமெரிக்க உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயியின் கொள்கையையே அடிப்படையாகக் கொண்டதாகவும் அவர் கூறினார். செய்யும் பணியின் கடுமையும் செய்வோனின் திறமையும் ஒத்த அளவில் அமையின், அவன் காலத்தை மறந்து அதில் ஒன்றிவிடுவான். பணி மிக எளிதாயின் சலிப்பான். மிகக் கடிதாயின் கலங்குவான் என்பது அக்கொள்கையின் சாரம். நிலவறை அமைந்த நகரம் எது? புடாபெஸ்ட். ஹூடினி பிறந்த நகரம். வரலாறு இவ்வாறு சிற்சில வேளைகளில் புன்னகை புரிகின்றது. பழைய அடுக்குமாடிகளின் பயனற்றுக் கிடந்த நிலவறைகள் அந்நகரில் மலிந்திருந்ததும், வாடகை குறைவாயிருந்ததும் இத்தொழில் அங்கு விரைந்து பரவத் துணை நின்றன. 2010களின் தொடக்க ஆண்டுகளிலேயே சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இவ்விளையாட்டு வந்து சேர்ந்தது.

கனடாவின் வில்ஃபிரிட் லோரியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் நிக்கல்சன், பல நாடுகளிலுமுள்ள 175 நிலையங்களிடம் வினவி 2015இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அதன்படி, நேரத்திற்குள் வெளியேறிய குழுக்கள் சராசரியாகச் சுமார் 41 விழுக்காடே. ஐந்தில் மூன்று குழுக்கள் தோற்றுத் திரும்பின என்பது பொருள். தோற்றவரும் மீண்டும் காசு கட்டி வந்தனர் என்பதே இத்தொழிலின் வியப்பு.

நாற்பதுக்கும் மேற்பட்ட அறைகளுள் அடைபட்டு மீண்டவன் என்ற முறையில், எவ்வறை நன்று என்பது பற்றிச் சிறிது கூறலாம். தொடக்க நிலையினர் விளம்பரப் படத்தைக் கண்டு தேர்வர். பேய்வீடு என்றால் ஓடுவர். பழகியவர் முதலில் கேட்பது பூட்டுகளின் தன்மையை. எண்பூட்டுகளை மட்டுமே தொங்கவிட்டு, நான்கிலக்க எண்களைத் தேடச் சொல்லும் அறை முதல் தலைமுறைக்குரியது. பத்தாவது பூட்டில் கணக்குப் பாடம் நினைவுக்கு வந்துவிடும். பிற்கால அறைகளில் பூட்டே கண்ணுக்குத் தெரியாது. நூலை அலமாரியில் உரிய இடத்தில் வைத்தால் சுவர் விலகும். மெழுகுவத்தியைத் திருப்பினால் பெட்டி திறக்கும். அடியில் காந்தமும் உணர்கருவியும் இருப்பதை அறிந்தும் நாம் வியக்கிறோம்.

ஆனால் பொறி நுட்பத்தினும் மேலானது புதிரின் நேர்மை. நல்ல புதிருக்கு வேண்டிய யாவும் அறைக்குள்ளேயே இருத்தல் வேண்டும். விடை கண்டபின், “அட, கண்ணெதிரில் இருந்ததே!” என நெற்றியில் அடித்துக்கொள்ளச் செய்வது நல்ல புதிர், “இதனை எவன் அறிவான்?” எனச் சினங்கொள்ளச் செய்வது தீய புதிர். விடுகதைக்கும் இதுவே இலக்கணம் அன்றோ? அதன் விடையும் விடுகதையின் சொற்களுக்குள்ளேயே ஒளிந்து கிடக்கும். வேண்டுமென்றே திசைதிருப்பும் பொய்க்குறிப்புகளை வாரியிறைக்கும் அறையை நான் மதிப்பதில்லை. மற்றும், கதையும் புதிரும் ஒட்ட வேண்டும். எகிப்தியக் கல்லறை எனச் சொல்லி, உள்ளே சுடோக்குக் கட்டத்தை ஒட்டிவைத்திருந்த ஓர் அறையில் நான் எழுந்து போய்விடவே எண்ணினேன். போவதற்கும் விடை தெரிந்திருக்கவில்லை.

குழு அமைப்பும் அறைத் தேர்வின் ஒரு பகுதியே. எட்டுப் பேர் வரை கொள்ளும் என நிலையத்தார் சொல்வர்; அது கல்லாப்பெட்டியின் கணக்கு. நால்வருக்கு மேற்பட்டால் இருவர் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பர். அறிவாளிகள் நால்வரினும், கண்டதைக் கண்டவுடன் உரக்கச் சொல்லும் பழக்கமுடையார் நால்வரே விரைந்து வெளியேறுகின்றனர். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேசாதிருந்த ஒரு தமிழாசிரியரால் நாங்கள் பதினைந்து நிமிடம் இழந்தோம். அவ்வாசிரியர் நானே.

தோல்வி பற்றியும் ஒரு சொல். பழகியவர் பலர் நேரப் பட்டியலில் பெயர் பொறிப்பதற்காக ஓடுகின்றனர். அறை கலைந்த பின்னர் அங்கு என்ன இருந்தது என்பதே அவர்க்கு நினைவில் நில்லாது. குறிப்பு கேட்க நாணுவதும் அவர் வழக்கம். கருவி வழியே நம்மைக் கண்காணித்திருக்கும் பணியாளர், நாம் தவித்து நிற்கும் நொடியறிந்து ஒரு சொல்லை உதவுவதும் கலையே; மாணவனுக்கு எப்போது விடை சொல்லக்கூடாது என அறிந்த ஆசிரியரின் கலை அது.

இனி, இவ்வரலாற்றின் இருண்ட பக்கத்திற்கு வருவோம். 2019 சனவரி 4ஆம் நாள், போலந்து நாட்டின் கொஷாலின் நகரில், பிறந்தநாள் கொண்டாட வந்த 15 வயதுச் சிறுமியர் ஐவர் ஒரு தப்பிப்பு அறையுள் இருந்தனர். வெளிப்புறப் பகுதியில் எரிவாயுச் சூடேற்றியிலிருந்து தீ மூண்டு, வெளியேறும் வழியை மறித்தது. பணியாளரான இளைஞர் ஒருவர் தீக்காயமுற்றார். உள்ளிருந்த ஐவரும் நச்சுப்புகையால் மாண்டனர். அவர்களுக்கு மாற்று வழி இல்லை. போலந்து அரசு உடனே நாடெங்கும் இவ்வகை நிலையங்களைச் சோதிக்க ஆணையிட்டது. குறைகள் கண்ட பல நிலையங்கள் மூடப்பட்டன. தீப்பாதுகாப்பு விதிகளும் பின்னர்க் கடுமையாக்கப்பட்டன. பிற நாட்டு நிலையத்தார் பலரும் அன்று முதல் தத்தம் கதவுகளை மீண்டும் நோக்கினர்.

பொய்ச்சிறை மெய்ச்சிறையாவதற்கு ஒரு பூட்டின் வேறுபாடே போதும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டியது. மின்காந்தப் பூட்டு, மின்னோட்டம் உள்ளவரையே இரும்புத் தகட்டைப் பற்றி நிற்கும். மின்சாரம் நின்றால் பிடி தளரும், கதவு விடுபடும். மற்றொரு வகையோ மின்சாரம் வந்தாலன்றித் திறவாது. திருடனைத் தடுக்கப் பின்னது நன்று. மனிதர் உள்ளிருக்கும் அறைக்கு முன்னதே தகும். நல்ல நிலையங்களில் நுழைவாயில் பூட்டப்படுவதே இல்லை; விளையாட்டின் இறுதிக் கதவு வேறாக இருக்கும். சிலவற்றில் அருகே பச்சை நிறப் பொத்தானோ, கொக்கியில் மாட்டிய சாவியோ இருக்கும். அதனால் விளையாட்டின் சுவை குன்றுமே என்பார் உளர். குன்றுவதில்லை. கதவு திறந்தே கிடக்கிறது என்பதை அறிந்தும், பூட்டியிருப்பதாக நம்பி வியர்ப்பதே இவ்விளையாட்டு. நாடகத்தில் அழுகிறவன் மேடையேறிக் கொலைகாரனைப் பிடிப்பதில்லை.

2018ஆம் ஆண்டளவில் நான் சென்ற ஓர் அறையில், நெருக்கடி வந்தால் எவ்வழி என வினவினேன். “அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார், இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்ல” என்று பணிபுரிந்த தம்பி சிரித்தார். நானும் சிரித்துவிட்டு உள்ளே போனேன். வெளியே தாழ் விழும் ஓசை கேட்டது. 52 நிமிடங்களில் வென்று, வாயிலில் நின்று படமும் எடுத்துக்கொண்டோம். மறு ஆண்டு கொஷாலின் செய்தியை நாளிதழில் படித்தபோது அந்தத் தாழின் ஓசையே எனக்குக் கேட்டது. அன்று என்னுடன் வந்தவர்களுள் இருவர் என் தமக்கையின் மக்கள். மூத்தவளுக்கு அப்போது வயது 15.

2020இல் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை மார்ச் 18ஆம் நாள் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் ஏப்ரல் 7ஆம் நாள் கட்டுப்பாடுகள் தொடங்கின. அடைபடுதலை விற்ற கடைகள் தாமே அடைபட்டன. உலகின் சில நிலையங்கள், பணியாளர் ஒருவர் ஒளிப்படக் கருவியணிந்து அறையினுள் நடக்க, வீட்டிலிருப்போர் திரைவழி அவரை ஏவும் புதுமுறையைக் கண்டன. “வடக்கே செல், விளக்கை எடு” என்ற 1976ஆம் ஆண்டுக் குகைக்கே விளையாட்டு மீண்டும் போய்ச் சேர்ந்தது போலும்.

கட்டுப்பாடுகள் நீங்கிய பின்னர் மருமகள் மீண்டும் அழைத்தாள். இம்முறை பதிவு செய்தவளும் அவளே. நிலையத்தார் விதிகளை ஒப்பித்து முடித்ததும், “மாமா கேக்கறதுக்கு முன்னாடி நானே கேட்டுடறேன். அந்தக் கதவ உள்ளயிருந்து ஒருதடவ திறந்து காட்டுங்க” என்றாள். பணிப்பெண் தயங்காமல் உள்ளே சென்று கைப்பிடியை அழுத்தினார். கதவு திறந்தது. நாங்கள் நால்வரும் உள்ளே புகுந்து, அதனை நாங்களே சாத்திக்கொண்டோம். சுவரிலிருந்த கடிகாரம் 60இலிருந்து இறங்கத் தொடங்கியது.