மூப்பர்

‘மூ’ என்ற அடியில் பிறந்தவை மூத்தல், மூப்பு, மூப்பர். கிரேக்கத்தில் ‘பிரெஸ்பிட்டெரோஸ்’ என்றாலும் மூத்தவர்தான். தமிழ் விவிலியம் அதற்கு மூப்பர் என்றே எழுதுகிறது. ஆயருக்குக் கீழ்ப்படாமல், போதகரும் சபையின் மூப்பர்களும் ஒன்றாக அமர்ந்து ஆளும் திருச்சபைக்குப் பிரெஸ்பிட்டேரியன் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. கல்வின் ஜெனீவாவில் வகுத்த இம்முறையை ஒல்லாந்தர் 1618-19இல் தோர்ட் பேரவையில் உறுதிப்படுத்தினர்.

1658இல் ஒல்லாந்தக் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து இலங்கையின் மன்னாரைப் பிடித்தபோது அந்தச் சபையும் கரையிறங்கியது. ஆனால் போதகருக்குச் சம்பளம் கொடுத்தது கம்பனி. சபை மன்றத்தில் கம்பனியின் ஆளும் இருந்தார். ஊர்களில் பள்ளி ஆசிரியரான சட்டம்பியார் பிரசங்கத்தை வாசித்தார். ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் பள்ளித் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார். மூப்பர் ஆளும் சபை என்று பெயர். சனங்கள் கண்டதோ சட்டம்பியாரையும் தோம்பையும். தமிழர் எவரும் உயரவில்லை என்று சொல்லிவிட முடியாது: போதகராக உயர்ந்த பிலிப்பு தெ மெல்லோவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1759இல் கொழும்பில் அச்சேறியது.

கத்தோலிக்கக் குருக்களை ஒளித்து வைப்பவருக்கு மரண தண்டனை என்று 1658இலேயே கம்பனி கட்டளையிட்டது. 1687இல் கோவாவிலிருந்து குரு யோசேப் வாஸ் வந்து இலங்கையில் கால்வைக்கும்வரை, செபம் நடத்துவதும், சாகக் கிடப்பவருக்கு அருகில் இருப்பதும், குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பதும் ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பாயின. வாஸும் அவர் பின்வந்த கோவாக் குருக்களும் இதை ஒழுங்குபடுத்தி, மூப்பர், அண்ணாவி என்று பொறுப்புகளைப் பிரித்தனர். 

இரண்டு மூப்பரும் ஒருவரல்லர். பிரெஸ்பிட்டேரிய மூப்பர் போதகருக்குச் சமமாக அமர்ந்து தீர்ப்புச் சொல்பவர். கத்தோலிக்க மூப்பர் குரு வந்ததும் ஒதுங்கி நிற்பவர். ஆனாலும் மூத்தோர் சபையைத் தாங்குவதென்றால் என்ன என்பதை மன்னாரில் மெய்யாக்கிக் காட்டியது, கல்வினின் சபையன்று, அது தடைசெய்த சபையே என்பேன். சம்பளமோ பதவியோ கிடைக்காமல், உயிருக்கு அஞ்சிக்கொண்டே அந்தச் சபையின் மூப்பர்கள் அதைச் செய்தார்கள்.

கந்தோர், லாச்சி, போஞ்சி என்று ஒல்லாந்தர் விட்டுப்போன சொற்கள் இன்றும் எங்கள் வாயில் இருக்கின்றன. தங்கள் சபை மூப்பருக்கு அவர்கள் வழங்கிய ‘ஔடர்லிங்’ அந்த வரிசையில் இல்லை.