நாலு தந்தி, நாலு கிலோ

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் வாசித்த நடன இசைக் குழுக்களில் ஒருவர் பாடு மட்டும் எப்போதும் திண்டாட்டம். டிரம்பெட்காரர் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிடுவார். டபுள் பேஸ்காரரின் வாத்தியமோ ஆள் உயரம். காரின் கூரைமேல் வைத்துக் கட்டினால்தான் உண்டு. அவ்வளவு பாடுபட்டு மேடைக்குக் கொண்டுபோனாலும், டிரம்ஸும் ஊதுகருவிகளும் சேர்ந்து முழங்கும்போது அந்தப் பெரிய மரக்கூட்டின் ஒலி முன்வரிசையைத் தாண்டாது.

சியாட்டில் நகரில் கிட்டார் ஆசிரியராக இருந்த பால் டட்மார்க் 1930-களின் நடுவிலேயே இதற்கு ஒரு வழி கண்டார். வால்நட் மரத்தில் செய்த சிறிய கெட்டிக் கட்டை, அதில் ஒரு மின்காந்தப் பிக்கப், கிட்டார்போல் கிடையாகப் பிடித்து வாசிக்கும் வசதி. ஆடியோவாக்ஸ் 736 என்று பெயர். அது பெரிதாக விற்கவில்லை. வாத்தியம் சரி, காலம்தான் முந்திவிட்டது.

சரியான காலத்துக்கு வந்து சேர்ந்தவர் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர். வாத்தியம் செய்யும் பரம்பரையில் வந்தவரல்ல. கிட்டார் வாசிக்கவும் தெரியாது. அதனாலேயே, மரவேலையில் எதைச் செய்யக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பலகையை வெட்டி, குடைந்து, மேப்பிள் மர நெக்கை நாலு திருகாணியில் இறுக்கி, 1951-இல் பிரிசிஷன் பேஸ் என்ற பெயரில் சந்தைக்கு அனுப்பினார். லயனல் ஹாம்ப்டன் குழுவில் மங்க் மான்ட்கோமரி அதை மேடை மேடையாகக் கொண்டுபோனார். இளையராஜாவின் பாடல்களில் அடியாழத்தில் ஓடும் அந்தத் தடித்த தந்தியொலி வரை, பேஸ் கிட்டாரின் குடிவழி இந்தக் கட்டையிலிருந்துதான் தொடங்குகிறது.

ஆனால் கட்டையைச் சின்னதாக்கியதும் வேறொரு வம்பு முளைத்தது. தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். அவ்வளவு நீண்ட நெக், அதன் நுனியில் நாலு கனத்த முறுக்காணிகள். பெல்ட்டைத் தோளில் மாட்டிக் கையை எடுத்தால் தலை தரையைப் பார்த்துச் சரியும். கிணற்றடித் துலாவின் கணக்குதான்: தாங்கும் புள்ளி எங்கே இருக்கிறது என்பதுதான் எல்லாம். ஃபெண்டர் அந்தப் புள்ளியை நகர்த்தினார். கட்டையின் மேல்பக்கத்தை ஒரு கொம்புபோல் நீட்டி, பெல்ட் மாட்டும் குமிழை நெக்கின் பன்னிரண்டாம் ஃப்ரெட், அதாவது குறுக்குக் கம்பி, பக்கமாகக் கொண்டுபோனார். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரின் புகழ்பெற்ற இரட்டைக் கொம்பு பிரிசிஷன் பேஸிலிருந்து எடுத்ததே. உலகம் அழகென்று கொண்டாடும் வளைவு, எடைப் பிரச்சினைக்குப் போட்ட ஒட்டு.

மரத்தின் கதையும் இதேபோல்தான். முதல் கட்டைகள் ஆஷ் மரத்தில் வந்தன. 1956 வாக்கில் பெரும்பாலானவை ஆல்டருக்கு மாறின. ஒலியை ஆராய்ந்து எடுத்த முடிவென்று இதை நம்புகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் காரணம் பெயின்ட் அடிக்கும் அறையில் இருந்தது. ஆஷில் துளைகள் அகலம். அவற்றை மக்கு போட்டு அடைத்துத் தேய்த்த பிறகே நிறம் ஒழுங்காக நிற்கும். ஆல்டரின் ரேகை நெருக்கமானது. அமெரிக்க வடமேற்கில் வேகமாக வளரும் மரம் என்பதால் விலையும் மலிவு. ரேகை வெளியே தெரிய வேண்டிய வெளிர்மஞ்சள் நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது.

ஆஷிலும் இரண்டு சாதி உண்டு. மேட்டு நிலத்தில் நிதானமாக வளர்ந்த ஆஷைத்தான் பேஸ்பால் மட்டைக்குக் கேட்பார்கள். ஒரு லிட்டர் மரம் ஏறத்தாழ 670 கிராம் இருக்கும். மிசிசிப்பி ஆற்றின் கீழ்ப்பகுதிச் சதுப்புகளில், ஆண்டின் பல மாதம் வேர் நீரில் மூழ்கிக் கிடக்கும் ஆஷ் வேறு ரகம். அதன் அடிமரத்துப் பலகை இலேசானது. லிட்டருக்கு 500 கிராம் அளவில் நின்றுவிடும். கிட்டார்காரர்கள் தேடியது இந்தச் சதுப்பு ஆஷைத்தான். ஒரு பேஸ் கட்டைக்கு 44 மில்லிமீட்டர் தடிமனில் சுமார் 5 லிட்டர் மரம் பிடிக்கும். மேட்டு ஆஷ் என்றால் கட்டை மட்டும் மூன்றே கால் கிலோவுக்கு மேல். சதுப்பு ஆஷ் என்றால் இரண்டரை, ஆல்டர் என்றால் இரண்டே கால். நெக், பிரிட்ஜ், பிக்கப் எல்லாம் சேரும்போது இந்த வித்தியாசம்தான் நாலு கிலோ வாத்தியத்தையும் ஐந்து கிலோ வாத்தியத்தையும் பிரிக்கிறது.

ஜெர்மனியில் இதே எடைக் கேள்விக்கு எதிர்த்திசையிலிருந்து விடை வந்தது. பபன்ராய்ட் ஊரில் இருந்த ஹோஃப்னர் நிறுவனத்தார் வயலின் செய்து பழகியவர்கள். 1950-களின் நடுவில் வால்டர் ஹோஃப்னர் வடிவமைத்த 500/1 பேஸ், ஸ்புரூஸ் மேற்பலகையும் மேப்பிள் முதுகுமாக, உள்ளே வெற்றுக்கூடு. எடை இரண்டரைக் கிலோவுக்குள். ஹாம்பர்க்கில் 1961-இல் அதை வாங்கிய பால் மெக்கார்ட்னிக்கு இடக்கைப் பழக்கம். இருபுறமும் ஒத்த அந்த வடிவம் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை, விலையும் கட்டுப்படியானது.

ஃபெண்டர் நிறுவனத்தை 1965 ஜனவரியில் ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் வாங்கியது. 1970-களில் ரேகை தெரியும் இயற்கை நிறம் மீண்டும் மோஸ்தர் ஆனபோது ஆஷும் திரும்பியது. இம்முறை வந்தது கனத்த ஆஷ். ஐந்து கிலோவை எட்டிய பேஸ்கள் அந்தக் காலத்தவை. இன்று அவற்றைச் சேகரிப்பவர்கள் உண்டு. இரவு முழுக்கத் தோளில் மாட்டி நிற்பவர்கள் அந்த அளவுக்கு இல்லை.

அந்தப் பத்தாண்டின் முடிவில் நெட் ஸ்டைன்பெர்கர், அறைகலன் வடிவமைப்பாளர், வேருக்கே போனார். சரிவது தலை என்றால் தலையே எதற்கு? முறுக்காணிகளைக் கட்டையின் அடிக்கு மாற்றி, மரத்தை விட்டுவிட்டு, கார்பன் இழை கலந்த எபாக்ஸியில் ஒரு சிறு செவ்வகக் கட்டை செய்தார். சமநிலை அருமை. ஆனால் மரத்தைத் தொட்டுப் பழகிய கைகள் அதோடு முழுக்கச் சமாதானம் ஆகவில்லை.

சதுப்பு ஆஷின் காலத்துக்கு ஒரு வண்டு முடிவு கட்டிக்கொண்டிருக்கிறது. ஆசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை நிறத் துளைப்பான் 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்டது. அதன் புழுக்கள் பட்டைக்கடியில் குடைந்து மரத்தின் உணவோட்டத்தை அறுத்துவிடுகின்றன. கோடிக்கணக்கான ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. போதாததற்கு மிசிசிப்பியின் நீண்ட வெள்ளங்கள் மரம் வெட்டும் பருவத்தைச் சுருக்கின. 2020-இல் ஃபெண்டர், வழக்கமான வரிசைகளில் ஆஷைக் கைவிட்டு, தேர்ந்தெடுத்த பழைய பாணி மாடல்களுக்கு மட்டும் ஒதுக்குவதாக அறிவித்தது.

அந்த இடத்துக்குப் போட்டியிடும் மரங்களில் ஒன்று பவுலோனியா. ஜப்பானில் கிரி என்ற பெயரில் கோட்டோ வாத்தியத்துக்கும் துணிப் பெட்டிகளுக்கும் காலங்காலமாகப் பயன்படுவது. லிட்டருக்கு 280 கிராம்தான். பேஸ் கட்டை ஒன்றரைக் கிலோவுக்குள் முடியும். விரல் நகம் பட்டாலே தடம் விழும் அளவுக்கு மென்மை. நெக்கை இறுக்கும் உலோகத் தகடு மெல்ல மரத்துக்குள் அமிழும். பிரிட்ஜ் திருகாணியும் பெல்ட் குமிழும் பிடி தளரும். ஆகவே செய்பவர்கள் அந்த இடங்களில் மட்டும் கெட்டி மரத்துண்டு பதிக்கிறார்கள், அல்லது மேலே மேப்பிள் பலகை ஒன்றை ஒட்டுகிறார்கள்.

கட்டை இலேசாக ஆக, ஃபெண்டர் 1951-இல் கொம்பு வைத்துச் சமாளித்த சரிவு மறுபடி தலைகாட்டும். பழைய பாணி முறுக்காணிகள் நாலும் சேர்ந்து 400 கிராம் அளவுக்கு வரும். இன்றைய அலுமினிய முறுக்காணிகள் அதில் பாதியை ஒட்டியவை. சொந்தமாக ஒரு இலேசான பேஸ் செய்ய ஆசைப்படுபவர் முதல் பணத்தை முறுக்காணிகளுக்குச் செலவிடட்டும், நெக்கை எடை போட்டுப் பார்க்கட்டும். மரக்கடைக்கு அதன்பிறகு போனால் போதும்.