அமிதாவ் கோஷ்: களஆய்விலிருந்து நாவலுக்கு

அமிதாவ் கோஷ் (பிறப்பு: 1956, கொல்கத்தா) மானிடவியல் பயின்று, ஆங்கிலத்தில் எழுதும் நாவலாசிரியர். சிறுவயதில் டாக்காவிலும் கொழும்பிலும் வளர்ந்தார். டெல்லியில் சமூகவியல் படித்தபின் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார். 1980இல் நைல் கழிமுகத்துச் சிற்றூர்களில் தங்கி, அங்குள்ள உழவர்களின் உறவுமுறையையும் பொருளாதார வாழ்வையும் ஆராய்ந்து 1982இல் முனைவர் பட்டம் பெற்றார்.

எகிப்துக்குப் போகும் முன்பே நூலகத்தில் ஒரு பழங்கடிதத்தைப் படித்திருந்தார். 1148இல் ஏடன் வணிகர் ஒருவர், மங்களூரில் இருந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகருக்கு எழுதியது. சரக்குக் கணக்குகளுக்கு நடுவே பென் யிஜுவின் அடிமைக்கும் வாழ்த்துச் சொல்லியிருந்தார். அரசர்களுக்கே இடம் போதாத அக்கால ஏடுகளில் ஓர் அடிமைக்குக் கிடைத்த இந்த ஒரு வரியை கோஷ் பல ஆண்டுகள் விடாமல் தொடர்ந்தார். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் சேர்ந்திருந்த ஆவணங்களைப் படிப்பதற்காக, எபிரேய எழுத்தில் எழுதிய அரபு மொழியைக் கற்றார். மங்களூருக்கும் வந்து விசாரித்தார். அந்த மனிதனின் பெயர் பொம்மா, துளுநாட்டான் என்ற முடிவுக்கு வந்தார். ‘இன் ஆன் ஆன்டிக் லேண்ட்’ (1992) நூலில் இந்தத் தேடலும் அவருடைய எகிப்துக் கிராம வாழ்க்கையும் பின்னிக்கிடக்கின்றன. அவருடைய நூல்களில் முதலில் படிக்கத் தக்கது இதுவே.

அவருடைய நாவல்களிலும் ஆவணத்தில் பெயர் விடுபட்டவர்களே முன்னால் நிற்கிறார்கள். ‘தி ஷேடோ லைன்ஸ்’ (1988) கல்கத்தா, டாக்கா கலவரங்களைச் சொல்கிறது. சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ‘தி கிளாஸ் பேலஸ்’ (2000) மலாயா ரப்பர் தோட்டத் தமிழ்த் தொழிலாளர்களையும், 1942இல் பர்மாவிலிருந்து நடந்தே வந்த இந்தியர்களையும் காட்டுகிறது. ரங்கூனிலிருந்து தாத்தா நடந்து வந்த கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்நாவல் அந்நியமாக இராது. ‘சீ ஆஃப் பாப்பீஸ்’ (2008) தொடங்கி மூன்று நாவல்கள், அபினி வாணிபத்தையும் மொரிஷியஸுக்குக் கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளையும் பற்றியவை.

‘தி ஹங்ரி டைட்’ (2004) சுந்தரவனத்தையும், 1979இல் மரிச்ஜாப்பி தீவிலிருந்து விரட்டப்பட்ட அகதிகளையும் பேசுகிறது. நீரும் நிலமும் மனிதருக்கு நிகரான பாத்திரங்களாக நிற்பது இதில்தான். ஆனால் இயற்கையின் சீற்றத்தை எப்போதும் அவரால் நாவலாக்க முடிந்ததில்லை. 1978 மார்ச் 17 அன்று டெல்லியில் ஒரு சூறாவளிச் சுழலில் கோஷ் நேரடியாகச் சிக்கினார். அதை எந்த நாவலிலும் வைக்க அவரால் முடியவில்லை. வாசகர் நம்பமாட்டார். நடக்கக்கூடியதை மட்டுமே ஏற்கப் பழகிய நவீன நாவலால் பருவநிலைப் பேரிடரைச் சொல்ல முடியவில்லை என்ற வாதத்தை ‘தி கிரேட் டிரேஞ்ச்மென்ட்’ (2016) நூலில் முன்வைத்தார். சென்னையின் தென்புறநகர்களான அஸ்தினாபுரம், குரோம்பேட்டை வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது, அடையாறு பெருகி முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எவராவது அதைக் கதையாக எழுதியிருந்தால் மிகை என்றே ஒதுக்கியிருப்போம்.

‘கன் ஐலண்ட்’ (2019) நாவலில், நவீன நாவலின் அந்தக் குறையைத் தானே தீர்க்க முயன்றார். தற்செயல்கள் அளவுக்கு மீறிக் குவிந்ததால் அது பாதியளவே கைகூடியது. 2018க்கான ஞானபீட விருதைப் பெற்ற கோஷ், ஆங்கில எழுத்துக்காக அவ்விருது பெற்ற முதல் எழுத்தாளர். ‘தி நட்மெக்ஸ் கர்ஸ்’ (2021) என்ற கட்டுரை நூலில் 1621க்குத் திரும்பினார். சாதிக்காய் வாணிபத்தைக் கைப்பற்ற டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம் பண்டா தீவு மக்களை அழித்ததை, இன்றைய புவி வெப்பமாதலின் வேர்களுள் ஒன்றாக அந்நூல் காண்கிறது.