ஸ்கேண்டினேவியன் ஸ்டைல் மரச்சுவர்... அம்பத்தூர், ஆவடி ஹாலுக்கு ஒத்துவருமா?

போனைத் திறந்தாலே அந்த ஹால்தான் கண்ணில் படுகிறது. மூன்று பக்கம் வெள்ளைச் சுவர், ஒரு பக்கம் மட்டும் வெளிர் நிற மரப்பலகை, முன்னால் சாம்பல் நிற சோபா, ஓரத்தில் ஒரு செடி. பார்த்ததும் 'நம்ம ஹாலையும் இப்படிப் பண்ணிடலாமே'னு தோணும். அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ லோன் போட்டு வாங்கிய வீடாக இருந்தால், கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடியே அந்தப் படத்தை இன்டீரியர்காரரிடம் நீட்டியிருப்பீர்கள். அவரும் 'தாராளமா பண்ணிடலாம் சார்' என்றிருப்பார்.

பலகை என்ன கலர், என்ன மரம், என்ன ரேட் என்று எல்லாம் பேசுவோம். எந்தச் சுவரில் அடிக்கப் போகிறோம் என்பதை மட்டும் பேசவே மாட்டோம். சோபாவுக்குப் பின்னாடி இருக்கிற சுவர் என்று அதுவாகவே முடிவாகிவிடும். அந்தச் சுவரில் ஓதம் இருந்தால், இரண்டாவது மழைக்காலத்தில் பலகை உப்பும், மூன்றாவது மழைக்காலத்தில் கறையான் தெரியும். போட்ட பணம் போனதோடு, கழற்றவும் கூலி கொடுக்கணும். அதனால் முதலில் சுவர், அப்புறம்தான் மரம்.

இருட்டு ஊரின் ஏற்பாடு

இந்த ஸ்டைல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், எதை எடுத்துக்கலாம், எதை விட்டுடலாம் என்பது புரியும். ஸ்டாக்ஹோம் இருப்பது வடக்கே 59-வது அட்சரேகையில். டிசம்பரில் அங்கே பகல் வெளிச்சம் சுமார் 6 மணி நேரம்தான். கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் வீணாக்காமல் அறை முழுக்கப் பரப்பத்தான் வெள்ளைச் சுவர். பைன், பிர்ச் எல்லாம் பக்கத்துக் காட்டிலேயே கிடைக்கிற மரம். குளிர்காலத்தில் உள்ளே ஹீட்டர் ஓடுவதால் வீட்டுக்குள் காற்று காய்ந்து கிடக்கும். மரத்துக்கு அது சௌகரியம்.

நாம் இருப்பது 13-வது அட்சரேகையில். டிசம்பரிலேயே 11 மணி நேரத்துக்கு மேல் பகல். காற்றில் ஈரப்பதம் வருஷத்தில் பாதிக்கு மேல் 70 சதவிகிதத்தைத் தாண்டித்தான் நிற்கிறது. அவர்களுக்கு வெளிச்சம் போதவில்லை. நமக்கு வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, ஈரம் வேறு. படத்தை அப்படியே காப்பி அடித்தால் ஏன் சொதப்புகிறது என்பதற்கு இதுதான் காரணம்.

இதற்கு நம்ம கடற்கரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. டென்மார்க்காரர்கள் 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்து, 1845-ல் ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போகும்வரை 225 வருஷம் அங்கே இருந்தார்கள். அவர்கள் கட்டிய டேனிஷ் கோட்டையைப் போய்ப் பாருங்கள். செங்கல், சுண்ணாம்பு, தடித்த சுவர். மரம் கதவிலும் ஜன்னலிலும் உத்தரத்திலும்தான் அதிகம். ஸ்கேண்டினேவியாவிலிருந்து வந்தவர்களே இந்த உப்புக்காற்றுக்கு மரச்சுவர் வைத்துக்கொள்ளவில்லை!

இன்று நாம் பார்க்கிற அந்த லுக் பிறந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பின்னாடி. டென்மார்க்கின் ஹான்ஸ் வெக்னர் 1949-ல் வடிவமைத்த, பின்புறம் 'ஒய்' எழுத்து மாதிரி இருக்கிற மர நாற்காலி இன்னமும் தயாரிப்பில் இருக்கிறது. 1954-லிருந்து 1957 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஊர் ஊராகப் போன ஒரு கண்காட்சிதான் இந்தப் பாணிக்கு உலக அளவில் பெயர் வாங்கிக்கொடுத்தது. நம்ம பக்கம் அந்த வார்த்தை பரவலானது, ஸ்வீடனின் ஐக்கியா 2018 ஆகஸ்ட்டில் ஹைதராபாத்தில் கடை திறந்த பிறகு.

முதல்ல சுவரைத் தட்டிப் பாருங்க

மேற்குப் புறநகர் என்றாலே ஏரிகள்தான். அம்பத்தூர் ஏரி, கொரட்டூர் ஏரி, ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பூந்தமல்லி தாண்டினால் செம்பரம்பாக்கம். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலே வரும், தரைத்தளச் சுவர் அதை உறிஞ்சும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளேயே வெள்ளம் நின்றது நினைவிருக்கும். தரைத்தள வீட்டுக்காரர்கள் கீழே சொல்வதைக் கொஞ்சம் கூடுதல் கவனமாகப் படிக்கவும்.

ஹாலின் நான்கு சுவர்களில் எது என்ன என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். வெளிச்சுவர் என்றால் மழை அடிக்கும். பாத்ரூமுக்குப் பின்பக்கச் சுவர் என்றால் குழாய்க் கசிவு வரலாம். மேற்குப் பார்த்த வெளிச்சுவர் மதியம் முழுக்க வெயிலில் காயும், ராத்திரி வரை சூட்டைக் கக்கும். மிச்சம் இருப்பது ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவில் இருக்கிற உள்சுவர். மரத்துக்கு அதுதான் பத்திரமான இடம். நிறைய ஃபிளாட்களில் டிவி மாட்டுவதும் அந்தச் சுவரில்தான் என்பதால் பார்வைக்கும் அதுவே பொருத்தம். சோபாவுக்குப் பின்னாடி அடித்தால் பாதிப் பலகையை சோபாதானே பார்க்கும்?

சுவர் நல்லா இருக்கா என்று கண்டுபிடிக்க இன்ஜினீயர் வேண்டாம். பட்டி உப்பி நிற்கிறதா, பெயின்ட் செதில் செதிலாக வருகிறதா, வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறதா என்று தரையிலிருந்து 3 அடி உயரம் வரைக்கும் தடவிப் பாருங்கள். அப்புறம் 2 அடிக்கு 2 அடி பிளாஸ்டிக் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு காற்றுப் போகாமல் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். ஷீட்டின் உள்பக்கம், அதாவது சுவர்ப்பக்கம், நீர்த்துளி கோத்திருந்தால் அந்தச் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் மட்டும் ஈரமாக இருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்.

இந்த டெஸ்ட்டை ஏப்ரலில் செய்தால் எந்தச் சுவரும் பாஸ் ஆகிவிடும். நவம்பரில் செய்யுங்கள். கசிவு தெரிந்தால் வெளிப்பக்கத்திலிருந்து சரிசெய்து, சுவர் காய்ந்த பிறகு பிப்ரவரி, மார்ச்சில் மரவேலை ஆரம்பிப்பது நல்லது. 'ஓதத்தை மறைக்கத்தானே சார் பேனலிங்கே' என்று யாராவது சொன்னால் அந்த ஆளை விட்டுடுங்க. மறைத்த ஓதம் உள்ளே காயவே காயாது.

எந்த மரம்?

படத்தில் இருப்பது பைன், ஓக், ஆஷ். நம்ம ஊரில் அந்த வெளிர் நிறத்துக்குப் பக்கத்தில் வருவது ரப்பர் மரம். கேரளாவிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் பால் வற்றிய ரப்பர் மரங்களை வெட்டி, துண்டுகளை இணைத்து 8-க்கு 4 பலகையாகவே விற்கிறார்கள். வெளிர் மஞ்சள் நிறம், நெருக்கமான ரேகை. ஆனால் இயற்கையில் ரப்பர் மரம் பூஞ்சைக்கும் வண்டுக்கும் பலவீனமானது. போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்திய பலகைதானா என்று கேட்டு வாங்கணும். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடை.

பட்ஜெட்டுக்கும் நம்ம காற்றுக்கும் ஒத்துவருவது பிளைவுட் மேல் வெனீர். உண்மையான ஓக், ஆஷ் மரத்தை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தாளாகச் சீவி ஒட்டுவதுதான் வெனீர். அடியில் போடுகிற பிளைவுட்டில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதுதான் மரைன் பிளை. எம்.ஆர். என்று போட்டிருந்தால் ஈரத்தை ஓரளவுக்குத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. வெனீருக்குப் பதில் மர டிசைன் மைக்கா ஒட்டினால் செலவு குறையும், துடைப்பதும் சுலபம். தொட்டால்தான் வித்தியாசம் தெரியும். எம்.டி.எஃப். பலகையை மட்டும் தரைத்தளத்தில் வைக்காதீர்கள். ஒருமுறை தண்ணீர் குடித்து ஊதினால் பழைய நிலைக்குத் திரும்பாது.

கோடு கோடாக வருகிற டபிள்யூ.பி.சி. பேனலுக்குக் கறையான் வராது, தண்ணீருக்கும் கவலை இல்லை. ஆனால் கடையில் அதிகம் ஓடுவது கறுப்பும் சாக்லேட்டும், நடுவில் எல்.இ.டி. பட்டையோடு. அதை ஸ்கேண்டினேவியன் என்று சொல்லி விற்கிறார்கள். எனக்கு அது ஹோட்டல் ரிசப்ஷன் ஞாபகத்தைத்தான் கொடுக்கிறது. வேண்டுமென்றால் வெளிர் ஓக் நிறம் கேளுங்கள்.

இன்னொரு வழி, மேற்குப் புறநகருக்கே உரியது. அம்பத்தூரிலும் ஸ்ரீபெரும்புதூர் பக்கமும் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்து இறங்குகிற பேக்கிங் பெட்டிகளும் பேலட்டுகளும் பெரும்பாலும் பைன் மரம். பழைய மரக்கடைகளில் கழற்றி விற்பார்கள். பலகையில் கோதுமைக் கதிர் மாதிரி ஒரு முத்திரை, நாட்டுக்கான இரண்டு எழுத்து, 'ஹெச்.டி.' அல்லது 'எம்.பி.' என்ற குறி இருக்கும். ஹெச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது. எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது. அது வீட்டுக்கு வேண்டாம். எண்ணெய்க் கறை இருப்பதையும் தள்ளிவிடுங்கள். நாட்டு எழுத்து 'எஸ்.இ.' என்றிருந்தால் அது ஸ்வீடனில் முத்திரை குத்திய பலகை. ஆணி பிடுங்கி, இழைத்து, ஒரே அகலமாக அறுக்க ஆசாரிக்குக் கூலி ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள். சூடேற்றியது உள்ளே இருந்த பூச்சியைக் கொல்லத்தான். நம்ம வீட்டுக் கறையானைத் தடுக்காது.

அளவுக்கு ஒரு கணக்கு. 10 அடி அகலம், 9.5 அடி உயரச் சுவர் என்றால் 95 சதுர அடி. ஒரு ஷீட் 32 சதுர அடி. மூன்று ஷீட் போதும் போலத் தோன்றும், ஆனால் உயரம் 8 அடியைத் தாண்டுவதால் மேலே ஜாயின்ட் வந்து நான்காகிவிடும். அதே சுவரில் 4 அடி உயரத்துக்கு மட்டும் அடித்தால் இரண்டு ஷீட்டில் முடிந்து, கொஞ்சம் மிஞ்சும். சின்ன ஹாலுக்கு அரைச்சுவர் நன்றாகவே இருக்கும்.

அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்க

பலகையை நேராகச் சுவரில் பசை போட்டு ஒட்ட விடாதீர்கள். முதலில் மருந்து அடித்த ரீப்பர் கட்டைகள், அதன் மேல் பலகை. நடுவில் முக்கால் இன்ச்சாவது காற்று ஓடணும். கீழேயும் மேலேயும் சின்ன இடைவெளி விட்டால்தான் அந்தக் காற்று நகரும். தரையிலிருந்து 4 இன்ச் ஸ்கர்ட்டிங் டைல் அப்படியே இருக்கட்டும், பலகை அதற்கு மேல் ஆரம்பிக்கட்டும். தரைத்தளம் என்றால் ஓர் அடி மேலே ஏற்றினாலும் தப்பில்லை. மாப் போடுகிற தண்ணீர்கூட மரத்தில் படக் கூடாது.

புது ஃபிளாட்டில் உள்சுவர் ஏ.ஏ.சி. பிளாக்காக இருக்கலாம். தட்டினால் மொத்து மொத்தென்று சத்தம் வரும். சாதாரண பிளாஸ்டிக் பிளக் அதில் பிடிக்காது. அதற்கென்று இருக்கிற பிளக்கைக் கேட்டு வாங்குங்கள்.

பலகை ஏறுவதற்கு முன்னால் பெஸ்ட் கன்ட்ரோல் ஆட்களைக் கூப்பிட்டு, தரையும் சுவரும் சேருகிற இடத்தில் ஓட்டை போட்டு மருந்து இறக்கச் சொல்லுங்கள். அடித்த பிறகு அந்த இடத்தை யாராலும் தொட முடியாது. சுவிட்ச் பாக்ஸ், டிவி ஒயர் எல்லாம் பைப்புக்குள் போகிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடுங்கள். பாலிஷ் பளபளவென்று வேண்டாம், மேட் சொல்லுங்கள். தண்ணீர் கலக்கிற பி.யூ. பாலிஷ், தின்னர் கலக்கிற வகையைவிட மஞ்சளாவது குறைவு.

மற்ற மூன்று சுவர்

வெள்ளையிலேயே கண் கூசாத, கொஞ்சம் பழுப்பு கலந்த வெள்ளை எடுங்கள். அவர்கள் ஜன்னலை மூடுவதில்லை. நாம் மூடித்தான் ஆகணும். மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி, உள்ளே சென்னிமலை மாதிரி கைத்தறிப் பருத்தித் துணி. மரச்சுவர் அடித்தால் ரூம் கூலாகும் என்று சொல்வார்கள். வெயிலை வெளியிலேயே நிறுத்துகிற தட்டிக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமில்லை.

கம்பளி ரக்குக்குப் பதில் பவானி ஜமக்காளம். அந்தப் பட்டைக் கோடுகள் வெளிர் மரத்தோடு அழகாகச் சேரும், தூசியும் தட்டலாம். வெக்னர் நாற்காலியின் உட்காரும் பகுதி முறுக்கிய காகிதக் கயிற்றில் பின்னியது. நம்ம பிரம்பு நாற்காலி அதற்குக் கிட்டத்தட்ட ஒன்றுவிட்ட தம்பி. பரணில் பழையது இருந்தால் பின்னக் கொடுத்து இறக்குங்கள்.

வெள்ளை வெளேரென்று எரிகிற 6500 கெல்வின் டியூப்லைட் கீழே எந்த மரமும் சோகையாகத்தான் தெரியும். 2700 அல்லது 3000 கெல்வின் பல்பு வாங்கி, ஒரே இடத்தில் போடாமல் இரண்டு மூன்று மூலைகளில் தாழ்வாக வையுங்கள். பிள்ளைகள் படிக்கிற டேபிளுக்கு மட்டும் தனி விளக்கு.

கடைசியாக ஆசாரியிடம் ஒன்று கேட்டு வாங்குங்கள். கீழ் வரிசையில் ஒரு பலகையை மட்டும் பசையில்லாமல் நான்கு திருகில் நிறுத்தித் தரச் சொல்லுங்கள். முதல் வருஷம் மழை விட்டதும் அதைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே மண்கோடு ஏதாவது ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, திரும்ப முடுக்கிவிடலாம்.