கருந்துளையை நிறுத்த கதை

சென்ற வாரம் ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன், "ஐயா, ஒளியே வெளிவராத கருந்துளையின் எடையை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?" என்று கேட்டான். "தொலைநோக்கி வழியாக" என்று மழுப்பிவிட்டேன். அது விடையன்று என்பது அவன் முகத்திலேயே தெரிந்தது. பிறகு தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

1943இல் கார்ல் சேஃபர்ட் என்னும் அமெரிக்க வானியலாளர், மையம் மிகுதியாக ஒளிரும் ஆறு விண்மீன் திரள்களை ஆராய்ந்து கட்டுரை வெளியிட்டார். அவற்றுள் சிலவற்றின் ஐதரசன் நிறமாலை வரிகள் நொடிக்கு 8500 கிலோமீட்டர் வேகத்திற்கு ஈடாக அகன்றிருந்தன. நம்மை நோக்கி வரும் வாயு வரியை நீலப்பக்கமும், விலகும் வாயு சிவப்புப்பக்கமும் இழுப்பதால் உண்டாகும் அகலம் அது. கட்டுரை நெடுங்காலம் கவனிக்கப்படவில்லை. 1960இல் சேஃபர்ட் கார் விபத்தில் மறைந்தார். 1963இல் மார்ட்டன் ஷ்மிட் 3சி 273 என்னும் குவேசாரின் தொலைவை வெளிப்படுத்தியதை அவர் காணவில்லை.

வேகம் மட்டும் போதாது. பூமியின் வேகமும் (நொடிக்கு 30 கிலோமீட்டர்) சூரியனிடமிருந்து அதன் தொலைவும் தெரிந்தால்தானே சூரியனின் நிறை கிடைக்கும்? வாயுவின் தொலைவை எதனால் அளப்பது?

எதிரொலியால்! பள்ளி மண்டபத்தில் கைதட்டி, ஒலி திரும்பும் நேரத்தால் சுவரின் தொலைவைக் கணிப்பதில்லையா? மையத்தின் ஒளி கூடிக் குறையும்போது சுற்றியுள்ள வாயுவின் வரிகளும் சற்றுத் தாமதித்துக் கூடிக் குறையும். இந்த வழியைப் பிளாண்ட்ஃபோர்டும் மெக்கீயும் 1982இல் கணித வடிவில் தந்தனர். 1988–89இல் என்ஜிசி 5548 திரளைப் பல நாட்டினர் மாதக்கணக்கில் கண்காணித்தபோது, ஓர் ஐதரசன் வரி ஏறத்தாழ 20 நாள் பின்தங்கியது. ஒளி 20 நாளில் கடப்பது சுமார் 52,000 கோடி கிலோமீட்டர். பின்னாளில் கணித்த நிறை, 6 முதல் 7 கோடிச் சூரியன்கள்.

ஆனால் வாயு எவ்வடிவில் பரவியுள்ளது என்பது தெரியாததால், கணக்கில் ஒரு திருத்த எண்ணைப் பெருக்க வேண்டியுள்ளது. அதனால் ஒரே நிறமாலையைக் கொண்டு செய்யும் மதிப்பீடு மும்மடங்குவரை பிழைபடலாம். நூல்களில் வெறும் எண்ணைப் பார்க்கும் பிள்ளைகள் இதை அறிவதில்லை, நானும் அறிந்திருக்கவில்லை.

2018இல் சிலியிலுள்ள நான்கு பெருந்தொலைநோக்கிகளை இணைத்து, 3சி 273இன் வாயு சுழல்வதை நேரடியாகவே அளந்தனர். நிறை ஏறத்தாழ 30 கோடிச் சூரியன்கள்.

திங்களன்று அந்த மாணவனை மண்டபத்திற்கு அழைத்துச் சென்று, முதலில் கைதட்டச் சொல்லப்போகிறேன்.