மூளைக்காயத்துக்குப் பின் பற்கடிப்பு: மறு ஊசியின் நியாயம் என்ன?

விபத்தில் தலை அடிபட்டோ, இதயம் நின்று ஆக்சிஜன் தடைபட்டோ மூளை கடுமையாகப் பழுதுற்ற ஒருவர், ஆழ்மயக்கம் தெளிந்து கண் திறக்கும் கட்டத்தில் பற்களை நறநறவென்று அரைக்கத் தொடங்குவதுண்டு. உறக்கத்தில் பல் கடிப்பவர்களுக்கான மருத்துவத்தை இவருக்கும் அப்படியே பொருத்திவிட முடியாது. லொபெசூவும் பிறரும் 2018இல் வெளியிட்ட பன்னாட்டு ஒருமித்த அறிக்கை, மற்றபடி நலமாக இருப்பவர்களின் பற்கடிப்பை நோய் என்று கொள்ளாமல் தாடைத்தசைகளின் ஒரு செயல்பாடாகவே வரையறுத்தது. மூளை பழுதுற்றவர் அந்த வரையறைக்கு வெளியே நிற்கிறார். அவருடைய அரைப்பு பெரிதும் விழித்திருக்கும் பொழுதில் நிகழ்கிறது. தாடை இயக்கத்தை மேலிருந்து அடக்கிவைக்கும் மூளைப் பகுதிகள் பிடி தளர்ந்ததே காரணம் என்பது பொதுவான விளக்கம்.

விளைவுகள் சில்லறையானவை அல்ல. பற்கள் தேய்கின்றன, உடைகின்றன. உடைந்த துண்டு மூச்சுக்குழலுக்குள் போகலாம். நாக்கும் உதடும் கடிபட்டுப் புண்ணாகின்றன. வாயைத் திறந்து சுத்தம் செய்ய முடியாதபோது நிமோனியாவுக்கும் வழி பிறக்கிறது. பல் மருத்துவர் வழக்கமாகத் தரும் கடிகாப்புத் தகடு இங்கே அதிகம் உதவாது. இறுகிய வாயில் அச்சு எடுப்பதே பெரும்பாடு. தகடு கழன்றால் அதைத் துப்பவும் தெரியாதவர் நோயாளி. உறக்கப் பற்கடிப்புக்கே தகடு பயன்படும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதுதான் 2007இல் காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு.

ஆகவே கவனம் போட்டுலினம் நச்சின் பக்கம் திரும்பியது. 1990இல் வான் சாண்டெய்கேயும் மார்ஷோவும், 1997இல் ஐவன்ஹோ குழுவினரும் மூளைக்காயமுற்ற தனி நோயாளிகளுக்குக் கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள மெல்லும் தசைகளில் இதைச் செலுத்தி, பற்கடிப்பு அடங்கியதாக எழுதினார்கள். நரம்பு முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்படுவதை நச்சு தடுக்கிறது. சில நாட்களில் தசை தளர்கிறது. மூன்று, நான்கு மாதங்களில் பலன் தேய்ந்து மறைகிறது. இந்த மருத்துவத்தை நான் மறுக்கவில்லை. உடனடி ஆபத்து இருக்கும்போது இதைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. என் கேள்வி, அடங்கியதற்குக் காரணம் ஊசிதான் என்று எப்படி அறிவது என்பதே.

ஊசி போடப்படும் அதே மாதங்களில்தான் நினைவும் தானாகத் தேறிவருகிறது. விழிப்பைக் கூட்ட அமாண்டடின் தொடங்கப்படுவதும் அப்போதுதான். காயமுற்று 4 முதல் 16 வாரங்களான 184 பேரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு, அம்மருந்து மீட்சியை விரைவுபடுத்துவதாகக் காட்டியது. மறுபுறம், கிளர்ச்சியை அடக்கத் தரும் ஹாலோபெரிடால், ரைல்ஸ் டியூப்பில் உணவு பெறுபவருக்கு வாந்தியைத் தடுக்கத் தரும் மெட்டோகுளோப்ரமைட், மனச்சோர்வுக்கான செரட்டோனின் வகை மருந்துகள் ஆகியவை தாமே பற்கடிப்பைத் தூண்டக்கூடியவை. இவற்றில் ஒன்றை நிறுத்திய வாரத்திலேயே ஊசியும் போட்டால், பெயர் ஊசிக்குத்தான் போகும். வலி, சிறுநீர்த் தேக்கம், மலச்சிக்கல், சொத்தைப் பல் போன்றவற்றையும் வாய் பேசாத நோயாளி இந்த வழியாகவே வெளிக்காட்டிக்கொண்டிருக்கலாம். மருந்துச் சீட்டைப் புரட்டுவதும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும் செலவில்லாத சோதனைகள். அதனாலேயே அவை தவறிப்போகின்றன என்று சில சமயம் சந்தேகிக்கத் தோன்றுகிறது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நச்சின் குறையையே பயன்படுத்தலாம் என்பது என் வாதம். பலன் தானாக நீங்கும் மருந்து அது. நீங்கும் காலமே ஒரு சோதனை. நான்காம் மாதம் வந்துவிட்டது என்று நாட்காட்டியைப் பார்த்து மறு ஊசி போடும் வழக்கம் அந்தச் சோதனையை நடக்கவிடாமல் செய்கிறது. தசை மீண்டும் வலுப்பெறும்வரை காத்திருந்து, அரைப்பு திரும்பினால் மட்டுமே மீண்டும் செலுத்த வேண்டும். திரும்பியதா என்பதைச் செவிலியரின் பொது அபிப்பிராயத்தால் முடிவு செய்யாமல், ஒரு நாளில் குறித்த நேரங்களில் எண்ணி எழுதிய குறிப்பைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும். திரும்பாவிட்டால் ஊசி வீண் என்று பொருளல்ல. ஆபத்தான காலத்தைக் கடத்திவிட்டது, அதன் வேலை முடிந்தது என்று கொள்ளலாம்.

காத்திருக்கும்போது மிச்சப் பற்களும் போய்விடாதா என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான், ஆனால் தசைவலிமை ஒரே இரவில் திரும்புவதில்லை, படிப்படியாகத் திரும்புகிறது. அரைப்புச் சத்தம் முதலில் கேட்கும்போதே செயல்பட அவகாசம் உண்டு. எதிர்ப்பக்கத் தட்டிலும் ஒரு கனம் இருக்கிறது. நச்சு அருகிலுள்ள தசைகளுக்குப் பரவினால் விழுங்குவது சிரமமாகலாம். மெல்லும் வலு குறைவதோ எதிர்பார்த்ததே. தேறிவரும் நோயாளிக்கு வாய்வழி உணவைப் பழக்கத் தொடங்கும் வாரங்கள் ஊசியின் உச்ச வாரங்களோடு மோதிக்கொண்டால் ரைல்ஸ் டியூப்பை எடுப்பது தள்ளிப்போகும். மறு ஊசிக்கு நாள் குறிக்கும்போது விழுங்கு பயிற்சி தருபவரையும் கேட்டுவிட்டுக் குறிப்பது நல்லது.